குழலில் படிந்த ஈயம்

பழுதும் பராமரிப்பும்

தையல் இயந்திரம், மாவரைக்கும் கிரைண்டர், பிரஷர் குக்கர், சைக்கிள் என்று குடும்பங்களில் அன்றாடம் புழங்கும் பொருள்களைப் பற்றியே இப்பகுதியில் இதுகாறும் எழுதிவந்தோம். கைத்துப்பாக்கியைப் பற்றி எழுத நேரும் என்று நாம் கனவிலும் கருதியதில்லை. ஆயினும் சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து வந்த கடிதம் நம்மை எழுதச் செய்துவிட்டது. எழுதியதோடு நில்லாமல், ஒரு சனிக்கிழமை இரவு பாஸை எடுத்துக்கொண்டு ரயிலேறவும் செய்துவிட்டது.

சகோதரியின் கணவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணிபுரிகிறார். ஊரும் பேரும் இங்கே வேண்டாம். மூத்த மகளுக்கு வயது பதினேழு. துப்பாக்கி சுடும் கழகமொன்றில் 25 மீட்டர் பிஸ்டல் பழகுகிறாள். கடைக்குட்டி மூன்று வயதுப் பையன். கடிதத்தின் சாரம் இதுதான்: மகள் பழகும் கழகத்துப் பிஸ்டல் சில மாதங்களாகக் குறி தவறுகிறது. முன்பெல்லாம் தாங்கியின்மேல் வைத்துச் சுட்டால் ஐந்து குண்டுகளும் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்குமாம். இப்போது உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. தோட்டாக்கள் அறைக்குள் முழுவதும் நுழையாமல் இடையிலேயே சிக்குகின்றன. குழலின் ஆயுள் முடிந்துவிட்டதென்றும், புதியது வரவழைக்கப் பெற்றோர்கள் பணம் தரவேண்டுமென்றும் கழகத்தார் கூறிவிட்டனர். தேர்வுப் போட்டிக்கு ஆறு வாரங்களே உள்ளன. "இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, படிப்பைப் பார்க்கட்டும்" என்கிறார் தகப்பனார். அண்டை வீட்டு இளைஞர் ஒருவரோ, வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சம அளவு கலந்து குழலில் ஊற்றினால் எல்லாம் கரைந்துவிடும் என்கிறார். செய்யலாமா?

செய்யவே கூடாது என்று அன்றே தந்தி போலச் சுருக்கமாகப் பதில் எழுதினோம். காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

நமக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று நேயர்கள் வினவலாம். பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தபோது பாயின்ட் டூ டூ ரைபிளைச் சுட்டதைவிடத் துடைத்ததே அதிகம். சுபேதார் ஒருவர் இருந்தார். "சிந்தி" என்று அவர் அழைக்கும் துணித் துண்டு வெள்ளையாக வெளிவரும்வரை வீட்டுக்கு விடமாட்டார். பிற்காலத்தில் நம் தமக்கை மகளும் இதே விளையாட்டில் ஈடுபட்டதால், மாதமொருமுறை அவளுடைய கழகத்தில் அமர்ந்து பிஸ்டல்களைத் துப்புரவு செய்வது நமக்கு வழக்கமாயிற்று. ஸ்டோர்ஸ் குமாஸ்தாவுக்கு எண்ணெய், பிரஷ், துணி ஆகியவற்றின் தராதரம் ஓரளவு தெரிந்திருக்கும் அல்லவா?

முதலில் இந்தத் தோட்டாவின் இயல்பை அறிந்துகொள்வோம். போர்வீரர்களின் பெரிய துப்பாக்கிகளில் தோட்டாவின் அடிப்பாகத்து நடுவே எரியூட்டும் மருந்து இருக்கும். பாயின்ட் டூ டூ தோட்டாவிலோ அது அடிப்பாகத்தைச் சுற்றியுள்ள மடிந்த விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அவ்விளிம்பை நசுக்கியதும் தீப்பற்றி வெடிமருந்து எரிகிறது. குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள ஈயத்துண்டு. ரைபிள் குண்டுகளைப் போல இதற்குச் செம்புக் கவசம் இல்லை. சில வேகத் தோட்டாக்களில் மட்டும் மெல்லிய செம்புப் பூச்சு காணப்படும். ஈயம் மென்மையான உலோகமாதலால், குழலினுள் உராயாமல் வழுக்கிச் செல்ல அதன் வெளிப்புறத்தில் மெழுகோ கொழுப்போ தடவியிருப்பார்கள். தோட்டாவைத் தொட்டால் விரலில் பிசுபிசுப்பது அதுதான்.

ஆகவே ஒவ்வொரு வெடிக்கும் குழலில் மூன்று பொருள்கள் தங்குகின்றன. ஒன்று மெழுகு. இது இருப்பது நல்லது. குழலுக்குத் துருவேறாமல் காக்கும், அடுத்த குண்டுக்கு வழியும் வகுக்கும். இரண்டாவது எரிந்த மருந்தின் கரி. இது அறை முடிந்து புரி தொடங்கும் இடத்தில் வளையம்போல் சேர்ந்து, நாளடைவில் அடிப்பிடித்த பால் பாத்திரத்தைப் போல இறுகிவிடும். மூன்றாவது ஈயம். குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும்வரை இது மிகச் சொற்பமாகவே ஒட்டும். துருவினால் சொரசொரப்பு ஏற்பட்டாலும், மெழுகு போதாமற் போனாலும், புரியின் ஓரங்களில் கீற்றுக் கீற்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஈயத்தின்மேல் கரியும், அதன்மேல் மீண்டும் ஈயமுமாக ஏறிக்கொண்டே போனால் குண்டு நேராகச் சுழன்று செல்ல வழியேது?

நாம் ஞாயிற்றுக்கிழமை காலை கழகத்துக்குச் சென்றபோது அந்தப் பிஸ்டலை மேசைமேல் வைத்திருந்தனர். கழகத்தின் பொறுப்பாளர் நல்ல மனிதர்தாம். ஆனால் "விளிம்புத் தோட்டா சுடும் குழலைத் துடைக்கவே கூடாது, துடைத்தால் கெட்டுவிடும்" என்று யாரோ சொன்ன வாக்கை வேதமாகக் கொண்டிருந்தார். இது முழுப் பொய்யன்று. அடிக்கடி தேய்ப்பதாலும் கம்பியைக் கோணலாகச் செலுத்துவதாலும் குழல் கெட்டதுண்டு. தேர்ந்த வீரர்கள் பலர் குழலை அடிக்கடி தொடாமல் இருப்பதும் உண்மை. ஆனால் அடிக்கடி வேண்டாம் என்பது ஒருபோதும் வேண்டாம் என்றாகிவிடுமா? விசாரித்ததில் ஓராண்டுக்கு மேலாக அக்குழலில் துணி நுழையவேயில்லை என்று தெரிந்தது. இடையில் கிடைத்த தோட்டாவையெல்லாம், செம்புப் பூச்சு கொண்ட வேகத் தோட்டா உட்பட, அதில் சுட்டிருக்கின்றனர். சென்ற மழைக்காலத்தில் சில வாரங்கள் உறையோடு அலமாரியில் அடைந்து கிடந்ததாம். உறைத் தோல் ஈரத்தை உறிஞ்சிக் குழலுக்கு ஊட்டும் என்பதை என்.சி.சி. சுபேதார் நமக்கு அடித்துச் சொல்லியிருந்தார்.

வேலையைத் தொடங்குமுன் தோட்டாக் கூட்டைக் கழற்றினோம். போல்ட்டைப் பின்னிழுத்து அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதித்தோம். மேசையிலிருந்த தோட்டாப் பெட்டிகளை அடுத்த அறைக்கு அனுப்பினோம். "காலிதான், நானே பார்த்தேன்" என்றார் பொறுப்பாளர். ஒருவர் பார்த்ததை மற்றொருவரும் பார்ப்பதில் அவமதிப்பு எதுவுமில்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தோம்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சுடும்போது ஏதேனும் ஒரு வெடி மட்டும் சத்தம் குறைந்து "புஸ்" என்று ஒலித்தால் அடுத்த விசையை இழுக்கவே கூடாது. குண்டு குழலின் நடுவே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொரு குண்டைச் செலுத்தினால் குழல் பருத்துப் பாழாகும், கையும் முகமும் காயப்படலாம். துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தபின்னரே மேலே செல்லவேண்டும். தோட்டா அறைக்குள் நுழையாதபோது கட்டைவிரலால் அழுத்தித் திணிப்பதும் அதேபோல் தவறு. விளிம்பிலே மருந்து இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது. இச்சிறுமி சில வாரங்களாக அவ்வாறுதான் திணித்துக்கொண்டிருந்தாளாம். கேட்டபோது நம் உடல் ஒருமுறை சிலிர்த்தது.

கைப்பேசியில் பொருத்திக் குழலுக்குள் பார்க்கும் சிறிய காமிராக் கம்பிகள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன. நாம் கொண்டுபோயிருந்ததை உள்ளே செலுத்தினோம். புரியே தெரியவில்லை! அறைவாயில் கறுப்பு வளையம். அதற்கப்பால் ஓடையின் அடியில் வண்டல் படிந்தாற்போல் மங்கிய சாம்பல் நிறத்தில் ஈயப்படலம். சிறுமி எட்டிப் பார்த்துவிட்டு, "இதற்குள்ளிருந்தா மாமா நான் இத்தனை நாளும் சுட்டேன்?" என்றாள். தன் கை நடுக்கத்தின்மேல்தான் அவள் பழி போட்டுக்கொண்டிருந்தாளாம்.

இந்த வகைப் பிஸ்டலில் போல்ட்டைப் பின்னோக்கி உருவி எடுத்துவிட்டால் அறைப்பக்கமிருந்தே கம்பியைச் செலுத்தலாம். இது பெரிய வசதி. அவ்வசதி இல்லாத வகைகளில் வாய்ப்புறமாக நுழைக்க நேரும். அப்போது குழல்வாயில் பித்தளைக் கூம்பு ஒன்றைப் பொருத்திக்கொண்டு, கம்பி விளிம்பில் உராயாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அல்லது அறைப்பக்கமிருந்து வாய்ப்பக்கம் இழுக்கும் கயிற்றைப் பயன்படுத்தலாம். குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் வாயின் விளிம்பு. அங்கே ஒரு மயிரிழை தேய்ந்தாலும் குறி போய்விடும். இரும்பு பிரஷ் எக்காரணம் கொண்டும் ஆகாது.

முதலில் கரைப்பானில் நனைத்த துணித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினோம். கரியாகவே வந்தன. பின்னர் துருநீக்கி எண்ணெயை உள்ளே ஊறவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பைத்தான் பலர் செய்வதில்லை; ஊறாத கரியைத் தேய்ப்பது ஊறாத உளுந்தை அரைப்பதற்கு ஒப்பாகும். அதன்பின் பாஸ்பர் வெண்கல பிரஷ். முழு நீளமும் சென்று மறுபுறம் வெளிவந்த பின்னரே அதைத் திரும்ப இழுக்கவேண்டும். குழலின் நடுவில் திருப்பினால் இழைகள் மடங்கிச் சிக்கும். பத்துமுறை போய்வந்ததும் மீண்டும் துணி. அறைவாய்க் கரிவளையம் இரண்டாம் ஊறலுக்குத்தான் இளகியது. அறைக்குச் சற்றுப் பெரிய பிரஷை எடுத்துக் கையால் மெல்லச் சுழற்றினோம்.

கரி போயிற்று, ஈயம் போகவில்லை. கரைப்பான்கள் பெரும்பாலும் கரிக்கு உரியவை, செம்பு கரைப்பவை செம்புக்கு உரியவை. ஈயத்தைச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். இதற்கு நாம் கையாளும் உபாயம், பாத்திரம் தேய்க்கும் செம்புக் கம்பிச் சுருளிலிருந்து சில இழைகளை உருவி, தேய்ந்த பிரஷ் ஒன்றின்மேல் சுற்றிக்கொள்வது. செம்பு ஈயத்தைவிடக் கடினம், எஃகைவிட மென்மை. ஆகவே ஈயத்தை வழித்தெடுக்கும், குழலைக் கீறாது. ஆனால் கடையில் செம்பு என்று விற்பதெல்லாம் செம்பன்று. இரும்புக்குச் செம்பு முலாம் பூசியதும் உண்டு. காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பாத்திரத்துக்கே போகட்டும். நாம் சகோதரியின் வீட்டிலிருந்து வாங்கிவந்த சுருள் காந்தத்தில் ஒட்டிற்று. நல்லவேளையாக நம் பையில் வேறொன்று இருந்தது.

நான்காவது முறை உருவியபோது வெள்ளைத் துணியின்மேல் வெள்ளிச் சரிகைத் துணுக்குகள்போல் ஈயத் தகடுகள் விழுந்தன. சில நகத்துண்டு அளவு நீளமிருந்தன. அங்கிருந்தவர்கள் யாவரும் கூடிவிட்டனர். ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்துக்குப் பின் காமிராவை விட்டபோது புரி பளிச்சென்று தெரிந்தது. அத்துடன், வாயிலிருந்து இரண்டங்குலம் உள்ளே, அம்மைத் தழும்பு போன்ற சிறு துருக்குழிகளும் தெரிந்தன. மழைக்கால அலமாரியின் கைங்கரியம் அது. அதைத் துணியால் துடைத்துப் போக்க முடியாது. அந்த இடத்தில் ஈயம் மறுபடியும் ஒட்டத்தான் செய்யும். ஆகையால் இக்குழலை மட்டும் முந்நூறு குண்டுகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். மற்றப் பிஸ்டல்களுக்கு அவ்வளவு அவசரம் வேண்டியதில்லை. எண்ணிக்கையைவிடத் தாளில் விழும் குறியே நல்ல சாட்சி.

எண்ணெயை நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டுப் பிற்பகலில் சிறுமியைச் சுடச்சொன்னோம். முதல் பத்துக் குண்டுகள் மனம்போல் போயின. அவள் முகம் வாடியது. துடைத்த குழல் மீண்டும் மெழுகு பூசிக்கொள்ள இருபது, முப்பது குண்டுகள் ஆகும் என்று தேற்றினோம். தோட்டாவின் வகையை மாற்றினாலும் இதே கதைதான். நாற்பதுக்குப் பின் தாங்கியில் வைத்துச் சுட்ட ஐந்தும் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கவில்லை. இரண்டு நாணயங்களை அருகருகே வைத்தால் மூடுமளவு வந்தது. நிதானச் சுற்றின் இலக்கில் பத்து மதிப்புள்ள வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். தேர்வுக்கு இது போதும்.

இனி வினிகர்க் கலவைக்கு வருவோம். அது ஈயத்தைக் கரைக்கும் என்பது மெய். கரைத்து என்னவாக ஆக்கும் என்பதுதான் கேள்வி. ஈய அசிடேட் என்னும் உப்பாக ஆக்கும். இனிப்புச் சுவை உடையதாதலால் இதற்கு ஈயச் சர்க்கரை என்றும் பெயர். உலோகத் தகடாக இருக்கும் ஈயத்தைவிட இது உடம்பில் எளிதில் சேரும் கொடிய நஞ்சு. மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இனிக்கும் நஞ்சைக் கிண்ணத்தில் வைப்பதா? தவிர, அதிக நேரம் விட்டால் குழலின் நீலப் பூச்சையும் எஃகையும் அரித்துவிடும். பழைய காலத்தில் பாதரசம் ஊற்றி ஈயத்தை எடுத்தவர்களும் உண்டு. அதன் ஆவியே நஞ்சு. அந்தப் பேச்சே வேண்டாம்.

இவ்விடத்தில் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். "ஈயச் சொம்பில்தானே அம்மா காலத்திலிருந்து ரசம் வைக்கிறோம்? ஈயம் எப்படி நஞ்சாகும்?" நியாயமான கேள்வி. ரசச் சொம்பு வெள்ளீயம். துப்பாக்கிக் குண்டு காரீயம். பெயரில் உறவே தவிர இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். அதனால்தான் ரசம் வற்றிய சொம்பு அடுப்பிலேயே உருகி நம் மானத்தை வாங்குகிறது. காரீயம் 327 டிகிரியில் உருகும், எடையும் மிக அதிகம். வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்பாரும் இருக்கக்கூடும் என்பதால், சொம்பையும் நம்பகமான கடையில் வாங்குவதே நலம்.

கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே அவர் வீட்டுச் சமையலறைத் தொட்டியைப் பார்த்தோம். அதன் ஓரத்தில், பல்துலக்கும் பிரஷ்களுக்கு அருகில், கறுத்த பிரஷ் ஒன்றும் துணிகளும் உலர்ந்துகொண்டிருந்தன. மகள் பயிற்சி முடிந்ததும் பிஸ்டலின் வெளிப்புறத்தைத் துடைத்த துணிகளைச் சிக்கனம் கருதி வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து வைப்பாளாம். பையன் அவற்றை எடுத்து விளையாடுவதுண்டாம்.

நாம் சிறிது நேரம் பேசவில்லை. ஏனெனில் நாமும் அப்படித்தான் இருந்தோம். தமக்கை மகளின் துடைப்புச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, நம் குழந்தைகள் உண்ணும் பாயின்மேல் செய்தித்தாளை விரித்துச் சுத்தம் செய்த காலம் உண்டு. குண்டில் மட்டுமின்றி, விளிம்பிலுள்ள எரியூட்டும் மருந்திலும் ஈயச் சேர்க்கை இருப்பது வழக்கம். எனவே கரியிலும் புகையிலும் ஈயம் இருக்கிறது என்பதை மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தோம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் வயிறு அதனை மிகுதியாக உறிஞ்சும்; அது மூளையின் வளர்ச்சியைத் தாக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

ஆகவே அங்கேயே சிலவற்றைச் செய்தோம். துணிகளையும் பிரஷையும் மூடிய பையில் கட்டி அகற்றினோம். தொட்டியையும் தரையையும் ஈரத்துணியால் துடைக்கச் செய்தோம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும். இனித் துடைப்புச் சாமான் எதுவும் கழகத்து எல்லையைத் தாண்டக்கூடாது. பயிற்சி முடிந்ததும் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கைகளையும் முகத்தையும் கழுவிய பிறகே சிற்றுண்டி. பயிற்சி உடையைத் தனியே துவைக்கவேண்டும், காலணி வாசலோடு நிற்கவேண்டும், உடை மாற்றாமல் தம்பியைத் தூக்கலாகாது. இறுதியாக, பையனுக்கும் மகளுக்கும் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதிக்க ரயில்வே மருத்துவரிடம் எழுதி வாங்குமாறு கூறினோம்.

தகப்பனார் அப்போதுதான் வாய் திறந்தார். "பார்த்தீர்களா? இதற்குத்தான் வேண்டாம் என்றேன்." அவர் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் குறை விளையாட்டினுடையதன்று. கையைக் கழுவச் சொல்லித் தராதவர்களுடையது. அவர்களில் நாமும் ஒருவர், இத்தனை ஆண்டுகள் எழுதியும் இதை இப்பகுதியில் ஒருமுறைகூடக் குறிப்பிடாததால். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் வெள்ளி வென்றது 25 மீட்டர் விரைவுப் பிஸ்டலில்தான். 2024 பாரிசில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வென்ற சுவப்னில் குசாலே மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றியவர். இவற்றை எடுத்துச் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. ஆனால் மாலையில் எங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுவிட வந்தபோது, செம்புச் சுருள் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டார்.

ஒரு வார்த்தை சட்டத்தைப் பற்றி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். நாம் இங்கே கூறியது துடைத்தல் மட்டுமே. விசையை இளக்குவது, குழலை அராவுவது போன்ற வேலைகளை உரிமம் பெற்றவரிடமே விட்டுவிடவேண்டும். கழகத்துத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து துடைக்கலாமா என்று கேட்டு யாரும் எழுதவேண்டாம்.

இவ்விதழ் அச்சுக்குப் போகும்வரை சகோதரியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. பிஸ்டல் ஒழுங்காக இருக்கிறதாம். தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்கள் உள்ளன. பையனின் இரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. வந்ததும் தெரிவிப்பதாக எழுதியிருக்கிறார். தையல் இயந்திரத்தில் நூல் அறுவதைப் பற்றிக் கேட்டிருந்த மூன்று அன்பர்களுக்கு அடுத்த இதழில் விடையளிப்போம்.